கேண்டில் சார்ட்: சிங்கப்பூரில் பங்கு பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பங்கு வாங்கி விற்கும் நண்பர்களும் சொந்தக்காரர்களும் மாற்றி மாற்றிக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். இப்போதுதான் கேண்டில் சார்ட் (பங்கு விலையின் போக்கை மெழுகுவத்தி வடிவங்களில் காட்டும் வரைபடம்) பார்க்கத் தொடங்கியவர்களை மனதில் வைத்து எழுதியது. கொஞ்ச நாள் பார்த்தவர்கள் முதல் இரண்டு மூன்று கேள்விகளைத் தாண்டிப் போகலாம். எந்தப் பங்கை வாங்கலாம், எதை விற்கலாம் என்ற பேச்சு இதில் கிடையாது. உதாரணங்களில் வரும் விலைகள் கணக்குக்காக நானே வைத்தவை.

ஒரு கேண்டிலில் அப்படி என்னதான் இருக்கிறது?

நான்கு விலை. நாள் கேண்டில் என்றால் அன்றைய தொடக்க விலை, முடிவு விலை, எட்டிய உச்சம், இறங்கிய அடி. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே தடித்துத் தெரிவது உடல். உடலைத் தாண்டி மேலும் கீழும் நீளும் மெல்லிய கோடு திரி. முடிவு விலை தொடக்கத்தைவிட மேலே இருந்தால் பச்சை, கீழே இருந்தால் சிவப்பு.

ஒரு வங்கிப் பங்கு காலையில் 34.20 வெள்ளியில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 33.60 வரை இறங்குகிறது. பிறகு ஏறி 34.35-ஐத் தொட்டுவிட்டு 34.30-ல் முடிகிறது. உடல் பத்தே காசு. கீழ்த்திரி 60 காசு, மேல்திரி 5 காசு. இந்தக் கேண்டிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கேண்டிலில் இல்லாதவையும் உண்டு. உச்சம் முதலில் வந்ததா, அடி முதலில் வந்ததா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த 33.60-ல் எத்தனை பங்கு கைமாறியது என்பதும் தெரியாது. ஒரு பெரிய நிதி நிறுவனம் இரண்டு லட்சம் பங்கைக் கொட்டியும் அந்தத் திரி உருவாகியிருக்கலாம். யாரோ அவசரப்பட்டு 100 பங்கை வந்த விலைக்கு விற்றும் உருவாகியிருக்கலாம். வடிவம் இரண்டிலும் ஒன்றுதான். அதனால்தான் கீழே உள்ள வால்யூம் பட்டையை (கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை) பார்க்காமல் கேண்டிலை மட்டும் பார்ப்பதில் பாதி விஷயம் விட்டுப்போகிறது.

என் சீன நண்பரின் ஃபோனில் சிவப்பு ஏற்றமாகவும் பச்சை இறக்கமாகவும் இருக்கிறதே?

சீனா, தைவான், ஜப்பான், கொரியா சந்தைகளில் ஏற்றத்துக்குச் சிவப்பு போடுவதுதான் வழக்கம். சிங்கப்பூரில் பெரும்பாலும் அமெரிக்க முறைப்படி பச்சை ஏற்றம். இரண்டு பழக்கமும் உள்ளவர்கள் இங்கே பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பதால் பெரும்பாலான செயலிகளில் மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கும். ஒருவர் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்துப் பதறுவதற்கு முன் அவருடைய நிறம் எது என்று கேட்டுவிடுங்கள்.

உள்ளே வெறுமையாக இருக்கும் கேண்டில் வேறு வகை. அதில் உடல் வெறுமையா நிரம்பியதா என்பது அன்றைய தொடக்கம், முடிவை வைத்து. நிறம் முந்தைய நாள் முடிவோடு ஒப்பிட்டு. அதனால் நிரம்பிய பச்சைக் கேண்டில்கூட வரும். குழப்பமாக இருந்தால் சாதாரணக் கேண்டிலுக்கே மாற்றிவிடுங்கள், ஒன்றும் குறைந்துபோகாது.

இதை யார் கண்டுபிடித்தது?

ஜப்பான் அரிசி வியாபாரிகள் என்பது எல்லா வகுப்பிலும் சொல்லப்படும் கதை. ஒசாகாவின் தோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730-ல் ஷோகன் அரசு அதிகாரபூர்வ அனுமதி கொடுத்தது. சகாட்டா ஊரைச் சேர்ந்த ஹொம்மா முனேஹிசா என்ற வியாபாரி அந்த நூற்றாண்டில் அரிசி விலையைக் கணித்துப் பெரும் செல்வம் சேர்த்தார். அதுவரை சரி. ஆனால் இன்று நாம் பார்க்கும் வடிவம் அவர் வரைந்ததாக இருக்க வாய்ப்பு குறைவு, பிற்பாடு மெய்ஜி காலத்தில் உருவானதாக இருக்கலாம் என்றே இதை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஆங்கிலம் படிக்கும் வர்த்தகர்களிடம் இதைப் பரப்பியவர் அமெரிக்கரான ஸ்டீவ் நிசன், 1990-களின் தொடக்கத்தில். ‘முந்நூறு ஆண்டு ரகசியம்’ என்று யாராவது விற்றால் இந்த அளவு தெரிந்திருந்தால் போதும்.

எத்தனை பாட்டர்ன் (பெயர் வைத்த கேண்டில் வடிவம்) மனப்பாடம் செய்ய வேண்டும்?

நூறு பெயர் கொண்ட அட்டவணையைச் சுவரில் ஒட்ட வேண்டாம். என்னைக் கேட்டால் நான்கு போதும், மற்றவை பெரும்பாலும் இவற்றின் உறவுகள்.

டோஜி: தொடக்கமும் முடிவும் ஏறக்குறைய ஒரே விலை. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் அன்றைக்குத் தீர்ப்பு கிடைக்கவில்லை.

ஹேமர்: நீண்ட இறக்கத்துக்குப் பிறகு வரும் சிறிய உடல், உடலைப்போல் குறைந்தது இரு மடங்கு நீளமுள்ள கீழ்த்திரி, மேல்திரி இல்லை அல்லது மிகச் சிறிது. மேலே சொன்ன வங்கிப் பங்கின் கேண்டில் இந்த அளவுக்குள் வருகிறது. இதைத் தலைகீழாக ஏற்றத்தின் உச்சியில் வைத்தால் ஷூட்டிங் ஸ்டார்.

எங்கல்ஃபிங்: முந்தைய நாளின் உடலை இன்றைய எதிர்நிற உடல் முழுசாக மூடிவிடுகிறது. நான் நின்று பார்ப்பது இதைத்தான், ஏனென்றால் சிவப்பு உடல் பச்சையை மூடினால், நேற்று வாங்கியவர்களில் பெரும்பாலோர் இன்று மாலை நஷ்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இது நேரடியாகச் சொல்கிறது.

மார்னிங் ஸ்டார், ஈவினிங் ஸ்டார்: மூன்று நாள் கதை. பெரிய உடல், நடுவில் சின்ன உடல், பிறகு எதிர்த்திசையில் பெரிய உடல்.

ஹேமரும் ஹேங்கிங் மேனும் ஒரே மாதிரிதானே இருக்கின்றன?

ஒரே மாதிரிதான். இறக்கத்தின் அடியில் வந்தால் ஹேமர், ஏற்றத்தின் உச்சியில் வந்தால் ஹேங்கிங் மேன். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் கேண்டில் வாசிப்பில் பெரிய கதவு திறந்துவிடும்: வடிவத்துக்குத் தனியாக அர்த்தம் கிடையாது, அது நிற்கும் இடம்தான் அர்த்தம் கொடுக்கிறது.

இறக்கத்தில் வரும் ஹேமரில் விலை இன்னும் கீழே போய், அங்கே வாங்க ஆள் வந்ததால் திரும்பியது. விற்று ஓயும் கட்டமாக இருக்கலாம். ஏற்றத்தின் உச்சியில் அதே வடிவம் வந்தால், இதுவரை தயங்காமல் ஏறிய பங்கை நடுவில் ஒருமுறை யாரோ பலமாக அமுக்கியிருக்கிறார்கள். அன்றைக்குக் காப்பாற்றியாயிற்று, நாளைக்கு? அதனால்தான் ஹேங்கிங் மேனை மட்டும் நம்பி விற்க மாட்டார்கள். அடுத்த நாள் அதன் உடலுக்குக் கீழே முடிகிறதா என்று காத்திருப்பார்கள். பக்கவாட்டில் உலாவிக்கொண்டிருக்கும் பங்கின் நடுவில் இதே வடிவம் வந்தால் அது ஹேமரும் இல்லை, ஹேங்கிங் மேனும் இல்லை. பேர் வைக்காமல் விட்டுவிடுங்கள்.

25 காசுப் பங்கில் தினமும் டோஜி வருகிறது. என்ன அர்த்தம்?

பெரும்பாலும் ஒன்றுமில்லை. அமெரிக்கச் சார்ட்டை வைத்துக் கற்றவர்கள் சிங்கப்பூர்ப் பங்குக்கு வரும்போது இடறுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எஸ்ஜிஎக்ஸில் (சிங்கப்பூர்ப் பங்குச் சந்தை) விலை எத்தனை காசு படியில் நகரலாம் என்பதற்கு விதி இருக்கிறது. 20 காசுக்குக் கீழே உள்ள பங்கு 0.1 காசுப் படியில் நகரும். 20 காசிலிருந்து ஒரு வெள்ளிக்குக் கீழ் வரை அரைக் காசு. ஒரு வெள்ளியும் அதற்கு மேலும் ஒரு காசு.

இப்போது 25 காசுப் பங்கைப் பாருங்கள். வாங்குபவர் வரிசை 25 காசில் நிற்கிறது, விற்பவர் வரிசை 25.5 காசில். காலையில் ஒருவர் பொறுமையில்லாமல் 25.5 கொடுத்து வாங்குகிறார். மாலையில் இன்னொருவர் 25-க்கு விற்றுவிட்டு வீட்டுக்குப் போகிறார். சார்ட்டில் 2 சதவீதச் சிவப்புக் கேண்டில்! நாள் முழுக்க யாருடைய எண்ணமும் மாறவில்லை. இரண்டு வரிசையும் நின்ற இடத்திலேயே நின்றன. மறுநாள் காலையும் மாலையும் 25-லேயே வியாபாரம் நடந்தால் டோஜி. அதையும் யாராவது ‘சந்தை தயங்குகிறது’ என்று விளக்குவார்கள்.

34 வெள்ளி வங்கிப் பங்கில் ஒரு படி என்பது 0.03 சதவீதம். அங்கே 2 சதவீத உடல் வர வேண்டுமென்றால் விலை அறுபத்தெட்டுப் படி நகர வேண்டும். ஒரே பாட்டர்ன் பெயரை இரண்டிலும் ஒட்டுவது எப்படிச் சரியாகும்?

இன்னொரு வேடிக்கை 20 காசு எல்லையில் நடக்கும். 19.9 காசு வரை மெல்லிய படிகளில் ஏறிவந்த பங்கு 20-ஐத் தொட்டதும் அடுத்த படி 20.5. அதாவது ஒரே எட்டில் இரண்டரை சதவீதம். அந்த இடத்தில் கேண்டில்கள் திடீரென்று கட்டை கட்டையாக மாறும். அதை ‘ஏற்றம் பலம் பிடித்துவிட்டது’ என்று வாசிப்பவர்கள் உண்டு. அங்கே மாறியது படியின் அளவு மட்டும்தான்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது. கேண்டிலின் உச்சியிலிருந்து அடிவரை எத்தனை படி என்று எண்ணுவேன். ஐந்தாறு படிகூட இல்லையென்றால் அந்த நாள் சார்ட்டில் வடிவம் தேட மாட்டேன். வேண்டுமானால் வாரக் கேண்டிலுக்குப் போவேன்.

ரீட் (வாடகைக் கட்டடங்களில் முதலீடு செய்யும் அறக்கட்டளை) வைத்திருக்கிறேன். திடீரென்று கீழே குதித்துச் சிவப்பாகத் தெரிகிறது. விற்றுவிடலாமா?

முதலில் அன்று எக்ஸ் தேதியா என்று பாருங்கள். இங்கே ரீட்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்லது காலாண்டுக்கு ஒருமுறை பணம் பங்கிட்டுக் கொடுக்கும். எக்ஸ் தேதியன்று வாங்குபவருக்கு அந்தப் பங்கீடு கிடைக்காது என்பதால் விலை ஏறக்குறைய அந்த அளவு குறைந்து தொடங்கும். நேற்று 1.50-ல் முடிந்த ரீட் 4 காசு கொடுக்கிறது என்றால் இன்று 1.46 பக்கம் திறப்பது இயல்பு. உங்கள் கையிலிருந்து எதுவும் போகவில்லை. அந்த 4 காசு சில வாரம் கழித்து வங்கிக் கணக்குக்கு வரும். ஆனால் சார்ட்டில் அது பயங்கரமான கேப் டவுன் (முந்தைய விலைக்குக் கீழே இடைவெளி விட்டுத் திறப்பது) மாதிரி நிற்கும். வங்கிப் பங்குகளிலும் இதே கதைதான். டிபிஎஸ் காலாண்டுக்கு ஒருமுறை, ஓசிபிசியும் யூஓபியும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

டிவிடெண்டுக்குச் சரிசெய்த சார்ட் என்று ஓர் அமைப்பு பல செயலிகளில் உண்டு. அதைப் போட்டால் பழைய விலைகளெல்லாம் கீழே இறக்கப்பட்டு இந்தப் பள்ளம் மறைந்துவிடும். ஆனால் அதிலும் ஒரு சிக்கல்: ‘போன வருஷம் 1.40-ல் நின்று திரும்பியது’ என்று நீங்கள் நினைவில் வைத்திருக்கும் சப்போர்ட், சரிசெய்த சார்ட்டில் 1.33-லோ 1.34-லோ தெரியும். அன்று ஆட்கள் உண்மையில் ஆர்டர் போட்ட விலை 1.40. ஆகவே வடிவம் பார்க்க ஒன்று, விலை மட்டம் பார்க்க இன்னொன்று என்று இரண்டையும் திறந்து பார்ப்பது நல்லது. உரிமைப் பங்கு வெளியீடு, பத்துப் பங்கை ஒன்றாக்கும் இணைப்பு இவற்றிலும் அதே கவனம் வேண்டும்.

ஐந்து மணி வரை ஒரு விலை, சார்ட்டில் முடிவு விலை வேறு. தரகர் ஏமாற்றுகிறாரா?

இல்லை. சிங்கப்பூரில் வழக்கமான வியாபாரம் மாலை 5 மணிக்கு நிற்கும். அதன்பின் சில நிமிடம் ஆர்டர்களைச் சேர்த்து, அதிகப் பங்கு கைமாறக்கூடிய ஒரே விலையில் எல்லாவற்றையும் முடிப்பார்கள். அந்த விலைதான் அன்றைய முடிவு. காலையிலும் 8.30-லிருந்து ஆர்டர் சேர்த்து 9 மணி வாக்கில் தொடக்க விலையை அதே முறையில் நிர்ணயிக்கிறார்கள்.

அதாவது கேண்டில் உடலின் இரண்டு முனையும் ஏலத்தில் பிறந்தவை. உலகக் குறியீடுகளின் பங்குப் பட்டியல் மாறும் நாளில், அந்தக் குறியீட்டைப் பின்பற்றும் நிதிகள் முடிவு ஏலத்தில்தான் வாங்கி விற்கும். மணி ஐந்து வரை டோஜியாக இருந்தது ஐந்து நிமிடத்தில் பெரிய சிவப்பாகிவிடும். வால்யூம் பட்டையும் வானத்தைத் தொடும். அன்றைக்கு விற்றவருக்குப் பங்கின் மேல் எந்தக் கருத்தும் இல்லை, பட்டியல் மாறியது, விற்றார். அந்த மாதிரிக் கேண்டிலை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஐந்து நிமிடம், ஒரு மணி, ஒரு நாள்: எந்தக் கேண்டில் பார்ப்பது?

வேலைக்குப் போகிறவர் என்றால் நாள் கேண்டில், வாரக் கேண்டில். ஐந்து நிமிடக் கேண்டிலை எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு பார்ப்பதால் யாருக்கு லாபம் என்று எனக்குத் தெரியும்: தரகருக்கு.

இதில் அடிப்படையான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கேண்டில்களை ஒட்டலாம். திங்கள் தொடக்கம், செவ்வாய் முடிவு, இரண்டு நாளிலும் பெரிய உச்சம், சிறிய அடி: இவற்றை எடுத்து ஒரே கேண்டிலாக வரைந்து பாருங்கள். இறக்கத்தின் அடியில் வந்த பச்சை எங்கல்ஃபிங் ஜோடி, பெரும்பாலும் நீண்ட கீழ்த்திரி கொண்ட ஹேமர் மாதிரி ஒன்றாகச் சுருங்கிவிடும். இரண்டு பெயர், ஒரே சம்பவம். மார்னிங் ஸ்டாரும் மூன்று நாளை ஒட்டினால் ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கும். அதனால்தான் நான்கு பெயர் போதும் என்றேன்.

இதன் மறுபக்கம்: நாளை வெட்டும் கோடு நகர்ந்தால் வடிவமும் மாறிவிடும். எஸ்ஜிஎக்ஸ் பங்குக்கு இந்தத் தொல்லை இல்லை, நாளின் தொடக்கமும் முடிவும் உறுதியானவை. நாணயச் சந்தையில் பெரும்பாலான சார்ட்கள் நியூயார்க் மாலை 5 மணியில் நாளை முடிக்கும்; நமக்கு அது அதிகாலை 5 மணி, அங்கே குளிர்காலம் என்றால் 6. தரகரின் சர்வர் வேறு நேரத்தில் ஓடினால் ஒருவர் சார்ட்டில் அழகான ஹேமர், இன்னொருவர் சார்ட்டில் வெறும் இரண்டு சாதாரணக் கேண்டில். பிட்காயினுக்கு நாள் என்பது கிரீன்விச் நேரப்படி நள்ளிரவில் முடிகிறது, அதாவது சிங்கப்பூரில் காலை 8 மணி. ஏழரைக்குக் காப்பிக்கடையில் பார்த்த ஷூட்டிங் ஸ்டார் எட்டரைக்கு அங்கே இல்லாமல் போகலாம், கேண்டில் இன்னும் முடிந்திருக்கவில்லை. முடியாத கேண்டிலுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பதை எல்லாச் சந்தைக்கும் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு வேலை முடிந்து வந்து அமெரிக்கப் பங்கு பார்க்கிறேன். ஏதாவது தனிக் கவனம் வேண்டுமா?

அமெரிக்கச் சந்தை நமக்கு இரவு 9.30-க்குத் திறந்து அதிகாலை 4-க்கு மூடும். அவர்கள் கடிகாரத்தை மாற்றும் குளிர்காலத்தில் 10.30 முதல் 5 வரை. நாள் கேண்டிலை நம்பி வர்த்தகம் செய்பவர் அது முடிந்த பிறகு, காலையில் பார்த்தால் போதும். அடுத்த திறப்புக்கு இன்னும் நாள் முழுக்க இருக்கிறது. நடுராத்திரி 2 மணிக்குத் தூக்கக் கண்ணோடு எடுக்கும் முடிவுக்குப் பாட்டர்ன் காரணமாக இருப்பதில்லை.

சரி, கேண்டில் பாட்டர்ன் உண்மையில் வேலை செய்கிறதா?

ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை. காகினால்ப், லாரன்ட் இருவரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வு, எஸ் அண்ட் பி 500 பங்குகளின் 1992 முதல் 1996 வரையிலான தரவில் சில மூன்று நாள் வடிவங்களுக்குக் கணிக்கும் ஆற்றல் இருப்பதாகச் சொன்னது. மார்ஷல், யங், ரோஸ் மூவரும் 2006-ல் டவ் ஜோன்ஸ் பங்குகளின் 1992 முதல் 2002 வரையிலான தரவைச் சோதித்து, அவற்றை வைத்து லாபகரமாக வர்த்தகம் செய்ய முடியாது என்றார்கள்.

என் கருத்து? தனியாக ஒரு வடிவத்தைப் பார்த்து வாங்குவது நாணயம் சுண்டுவதைவிடப் பெரிய மேன்மை எதையும் தராது. ஆனால் ‘நான் தவறு என்று எப்போது ஒப்புக்கொள்வது’ என்பதற்குக் கேண்டில் தெளிவான விலை கொடுக்கிறது. ஹேமரின் அடியை விலை உடைத்துவிட்டால் கதை முடிந்தது. அந்த ஒரு பயனுக்காகவே நான் பார்க்கிறேன்.

பாட்டர்ன் எல்லாம் பிரமாதமாக இருந்தும் ஒரே நாளில் சரிந்த பங்குகள் உண்டா?

2013 அக்டோபரை இங்கே பங்கு பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். புளூமோன்ட், ஏஷியாசன்ஸ், லயன்கோல்டு என்ற மூன்று பங்குகள் மாதக்கணக்கில் ஏறி, சில நாளில் தரைமட்டமாயின. ஏறக்குறைய 800 கோடி வெள்ளி சந்தை மதிப்பு காணாமல் போனது. விசாரணையில் 180-க்கும் மேற்பட்ட கணக்குகளை ஒரே கும்பல் கையாண்டு, தாங்களே வாங்கித் தாங்களே விற்று விலையை நகர்த்தியது வெளிவந்தது. 2022-ல் முதன்மைக் குற்றவாளிக்கு உயர்நீதிமன்றம் 36 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

வாங்குபவர், விற்பவர் என்று இரண்டு தரப்பு மோதுவதால்தான் கேண்டிலுக்கு அர்த்தம் வருகிறது. இரண்டு கையும் ஒரே ஆளுடையதாக இருந்தால் சார்ட்டில் இருப்பது அவர் வரைந்த படம். அதில் வால்யூமும் அழகாகவே இருக்கும், அதுதான் பயங்கரம். விலை எகிறுவதற்குக் காரணம் கேட்டு எஸ்ஜிஎக்ஸ் அந்தப் பங்கின் நிறுவனத்துக்கு அனுப்பிய கேள்வியும், ‘காரணம் எதுவும் தெரியாது’ என்று வந்த பதிலும் எஸ்ஜிஎக்ஸ் தளத்தில் வெளியாகியிருக்கலாம். அப்படி இருந்தால், சார்ட்டைப் பார்ப்பதற்கு முன் அதைப் படியுங்கள்.

ஹேமர் வந்துவிட்டது. எத்தனை பங்கு வாங்குவது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் குறைவு, ஆனால் பணம் போவது இங்கேதான். முதலில் சொன்ன வங்கிப் பங்கையே எடுப்போம். மறுநாள் ஹேமரின் உச்சியைத் தாண்டியதும் 34.38-ல் வாங்குகிறீர்கள். ஸ்டாப் லாஸ் (நஷ்டத்தை நிறுத்த விற்றுவிடும் விலை) ஹேமரின் அடிக்குச் சற்றுக் கீழே, 33.58. பங்குக்கு 80 காசு ஆபத்து.

கணக்கில் 10,000 வெள்ளி, ஒரு வர்த்தகத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் இழக்க விருப்பமில்லை என்றால் 100 வெள்ளி. 80 காசால் வகுத்தால் 125 பங்கு. ஆனால் 100 பங்கு கொண்ட லாட்டாக (ஒரே கட்டாக) வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் 100. (2015 ஜனவரிக்கு முன் ஒரு லாட் 1,000 பங்கு, அன்றைக்கு இந்தக் கணக்குக்கே இடமில்லை.) 80 வெள்ளி ஆபத்துக்கு 3,438 வெள்ளி முதலீடு.

இப்போது கட்டணம். குறைந்தபட்சம் 25 வெள்ளி வாங்கும் தரகர் என்றால், 9 சதவீதப் பொருள் சேவை வரியோடு 27.25. வாங்க ஒருமுறை, விற்க ஒருமுறை: 54.50. தீர்வகக் கட்டணம், சந்தைக் கட்டணம் சேர்ந்து இன்னும் மூன்று வெள்ளி. ஆக 57.50. நீங்கள் எதிர்பார்த்தது இரண்டுக்கு ஒன்று, அதாவது 160 வெள்ளி லாபம் அல்லது 80 நஷ்டம். கையில் வருவதோ 102 லாபம் அல்லது 137 நஷ்டம். பாட்டர்ன் பாதிக்குப் பாதி சரியாக இருந்தாலும் பணம் கரையும். கட்டணம் குறைந்த ஆன்லைன் தரகர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். கேண்டில் படிக்கும் முன் கட்டணப் பட்டியலைப் படிப்பது அதிக லாபம்.

மசேநிதி (மத்திய சேமநிதி) பணத்தை வைத்து இப்படி வர்த்தகம் செய்யலாமா?

விதிப்படி, சாதாரணக் கணக்கில் 20,000 வெள்ளிக்கு மேல் உள்ள தொகையை முதலீட்டுத் திட்டத்தில் போடலாம். பங்குகளுக்கு, முதலீடு செய்யத்தக்க சேமிப்பில் 35 சதவீதம் வரைதான். ஆனால் அந்தப் பணம் சும்மா இருந்தாலே ஆண்டுக்கு 2.5 சதவீத வட்டி பெறுகிறது. முகவர் வங்கிக் கட்டணமும் உண்டு. லாபம் வந்தாலும் கணக்குக்குத்தான் திரும்பும், கையில் எடுக்க முடியாது. சில நாளில் வாங்கி விற்கும் வேலைக்கு அது ஏற்ற பணமில்லை.

டெலிகிராமில் ஒருவர் கேண்டில் வகுப்பு நடத்துகிறார், 90 சதவீதம் வெற்றி என்கிறார்.

அடிப்படை வடிவங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பணம் கொடுத்துத்தான் கற்க வேண்டும் என்றால், அவருடைய தரகர் கணக்கு அறிக்கையைக் கேளுங்கள். ஸ்க்ரீன்ஷாட் கணக்கில் வராது. அவர் சொல்லும் தளத்தில்தான் கணக்குத் திறக்க வேண்டும் என்றால், சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் நிதி நிறுவனப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா, முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் ஸ்கேம்ஷீல்டு (மோசடித் தடுப்பு) உதவி எண் 1799.

செயலியே பாட்டர்னைக் கண்டுபிடித்துச் சொல்கிறதே, அது போதாதா?

ஒவ்வொரு செயலியும் வேறு வேறு அளவு வைத்திருக்கும். ஒன்று திரி இரு மடங்கு இருந்தால் ஹேமர் என்னும், இன்னொன்று மூன்று மடங்கு கேட்கும். முன்னால் இறக்கம் இருந்ததா என்றே பார்க்காதவையும் உண்டு. எங்கே பார்ப்பது என்று காட்ட உதவும், அவ்வளவுதான்.

ஊரில் நிஃப்டி பங்கும் வைத்திருக்கிறேன். அதே வாசிப்பு அங்கேயும் பொருந்துமா?

வடிவங்கள் பொருந்தும். இந்தியச் சந்தை நமக்கு முற்பகல் 11.45-க்குத் திறந்து மாலை 6-க்கு மூடும், ஆகவே அலுவலகம் விட்டு வரும்போது நாள் கேண்டில் தயாராக இருக்கும். கவனிக்க வேண்டியது முடிவு விலை. அங்கே நெடுங்காலமாக அதிகாரபூர்வ முடிவு விலை என்பது கடைசி அரை மணி நேர வியாபாரத்தின் எடையிட்ட சராசரி. கடைசியாகக் கைமாறிய விலை அதிலிருந்து விலகி இருக்கலாம். சில சார்ட்கள் சராசரியை எடுக்கும், சில கடைசி விலையை எடுக்கும். கடைசி பத்து நிமிடத்தில் வேகமாக ஏறிய நாளில் ஒன்றில் ஹேமர் தெரியும், மற்றதில் உடல் கீழேயே நிற்கும். உங்கள் செயலியின் முடிவு விலையை ஒருமுறை தேசியப் பங்குச் சந்தையின் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டால், எதை எடுக்கிறது என்று தெரிந்துவிடும்.